அக்கா பஸ்ஸை விட்டு இறங்கிய அத்தியாயம்

ஒரு நாவலாசிரியருக்குத் தான் எழுதிய நாவலே மறந்துபோய்விட்டது என்று எங்கள் வாயனசாலையின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியவன் நான். சும்மாவும் எழுதவில்லை. ‘இரண்டாம் பாகம் எழுத உட்காருவதற்கு முன் ஆசிரியர் முதல் பாகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்’ என்று, பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பழகிய கைக்கே உரிய மிதப்போடு எழுதினேன். கீழே கட்டைவிரல்களும் சிரிக்கிற முகங்களுமாக வந்து விழுந்தன. நானே முதல் பாகத்தைப் படித்து முப்பது வருஷம் ஆகிறது என்பதைக் குறிப்பிட அந்தச் செய்தியில் இடம் போதவில்லை.

வாயனசாலை என்றால் வேறொன்றுமில்லை, கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் வடகரப்பதிப் பக்கத்து நூலகம். மலையாளப் புத்தகங்கள் மூன்று சுவரைப் பிடித்துக்கொண்டதால் தமிழுக்கு ஜன்னலோரம் ஓர் அலமாரி. மழைக்காலத்தில் சாரல் அடிப்பதும் அதன் மேல்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே புஸ்தகச் சர்ச்சை நடக்கும். மலையாளத்தில் சர்ச்சை என்றால் கூடிப் பேசுவது. தமிழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். எனக்கு வாய்த்தது தமிழ்ச் சர்ச்சை.

ஆரம்பித்து வைத்தவர் வாயனசாலைச் செயலாளர். கல்லூரியில் எனக்கு ஒரு வருஷம் இளையவர், இப்போது தக்காளி மொத்த வியாபாரம். நாங்கள் படிக்கிற காலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்த நாவலுக்கு, அதை எழுதியவர் இத்தனை வருஷம் கழித்து இரண்டாம் பாகம் கொண்டுவந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஸ்கூட்டரை என் வீட்டு முன்னால் நிறுத்தினார்.

“ஏனுங்க, அந்தத் தொடர்கதைய நம்மூர்ல உடாமப் படிச்சது நீங்க ஒருத்தருதானுங்க. வர்ற மாசம் ரெண்டாம் பாகத்தப் பத்தி நீங்களே பேசிருங்க.”

‘உடாம’ என்பதை நான் மறுக்கவில்லை. அடக்கமாகத் தலையை மட்டும் ஆட்டினேன்.

நாவலின் கதை பெரிய சிக்கலானது இல்லை. மழையை நம்பிய ஊர் ஒன்று. தாய் தகப்பன் இல்லாத ஓர் அக்காவும் தம்பியும். சொத்துப் பிரிக்கிற தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோகிறது. ஒருநாள் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். அப்புறம் வருவதெல்லாம் தம்பி படுகிற பாடு.

அதில் என் உயிரான காட்சி ஒன்று உண்டு. பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறாள். உச்சி வெயிலில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடக்கிறாள். வீட்டு வாசலில் தம்பி கயிற்றுக் கட்டிலில் தூங்குகிறான். அவனை எழுப்பவில்லை. குடத்தில் தண்ணீர் மொண்டு குடிக்கிறாள், டம்ளரைச் சத்தம் வராமல் கவிழ்த்து வைக்கிறாள், மறுபடி நடந்து போய்விடுகிறாள். ஒரு வசனம் கிடையாது. எங்கள் வீட்டில் மூன்றும் ஆண்பிள்ளைகள் என்பதால் அக்கா என்ற உறவை நான் கதைகளில்தான் கண்டிருக்கிறேன். அதனாலோ என்னவோ அந்த டம்ளர் என்னை விட்டுப் போகவே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ் நிறுத்தத்தில், ஒருமுறை பல் பிடுங்கக் காத்திருந்த இடத்தில்கூட, மாட்டிக்கொண்டவர்களிடம் அந்தக் காட்சியைச் சொல்லியிருக்கிறேன்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னேன். இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று அவர்களுடையது. பெண்ணின் அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டோம், எந்த வழியில் என்று இரு தரப்புக்கும் தெரியாது. நான் பெண்ணைப் பற்றி விசாரித்தது ஒன்றே ஒன்றுதான்: படிக்கிற பழக்கம் உண்டா? உண்டு, அந்தத் தொடர்கதையை ஒரு வாரம்கூட விட்டதில்லை என்று தரகர் சொன்னார். போதாதா? பேசச் சொல்லி எங்களைப் பின்பக்கம் விட்டார்கள். சரிவு முழுக்கத் தேயிலை, மேலே மூடுபனி. ஊர் பேர் கேட்கிற மாப்பிள்ளைகளைப் போல் இருக்கக் கூடாது என்று நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“அக்கா பஸ்ஸ விட்டு எறங்கித் திரும்பி நடந்து வந்துச்சு பாருங்க. தூங்குற தம்பிய எழுப்பாம, தண்ணியக் குடிச்சுட்டுச் சத்தமில்லாமப் போயிருச்சே. நெனச்சா இப்பவும் எனக்கு என்னமோ பண்ணுதுங்க.”

எந்த நாவல், எந்த அத்தியாயம் என்றெல்லாம் விளக்கவில்லை. விடாமல் படிக்கிற பெண்ணிடம் அதைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன்.

“நல்ல அக்கா” என்றாள்.

அவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மலையிலிருந்து இறங்குகிற வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் அம்மா வாந்தி எடுத்துக்கொண்டு வர, நான் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இப்போது இரண்டு பாகங்களும் ஒரே கட்டாக வீடு தேடி வந்தன. முதல் பாகத்தையும் புதிதாக அச்சடித்துச் சேர்த்து விற்கிறார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்தவுடன் என் கை இரண்டாம் பாகத்துக்கும் மனைவியின் கை முதல் பாகத்துக்கும் போயிற்று. அங்கேயே தொடங்கியது வாதம்.

“முதல்ல பழசப் படிங்க” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் எங்கள் ஊர்ப் பேச்சு அவள் நாக்கில் ஒட்டவில்லை, மலைப் பேச்சுதான். “ஒரு கல்யாணத்துக்குப் போறீக. யாரு மாமன், யாரு மச்சான்னு தெரியாம பந்தியில போயி உக்காருவீகளா?”

“பந்தில சாப்பாடு வந்தாச் சரி” என்றேன். பிறகு என் கொள்கையை விளக்கினேன். நாவல் என்பது புத்தகத்தில் இருப்பதில்லை, படித்தவன் மனதில் தங்கியதுதான் நாவல். மறந்ததெல்லாம் மறக்க வேண்டியவை. முப்பது வருஷம் சலித்தும் சல்லடையில் நின்றது எதுவோ அதை வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்துக்குள் போவதுதான் வாசகனுக்கு அழகு. திரும்பப் படிப்பது பாடத்தை நெட்டுருப் போடுகிற பிள்ளைகள் வேலை.

“சரி, நான் நெட்டுருப் போடுறேன்” என்று அவள் கரண்ட் பில்லை அடையாளத்துக்குச் செருகி முதல் பக்கத்தைத் திறந்தாள்.

இந்த விஷயத்தில் மற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று எனக்கு ஆவல் வந்துவிட்டது. செயலாளரைக் கேட்டேன். முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குத் தாவுவாராம். “பஸ் எங்க நிக்குதோ அங்க ஏறுனாப் போதுமுங்க, டெப்போவுக்குப் போயி ஏறோணுமா?” ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார் ஒருவர் சர்ச்சைக்குத் தவறாமல் வருவார். அவர் இரண்டாம் பாகத்தை முதலில் படித்துவிட்டு, பிடித்தால்தான் முதல் பாகம் என்றார். பேரனைப் பார்த்துவிட்டுத் தாத்தாவைப் பற்றி விசாரிப்பது போல. நான் இத்தனை காலம் இதை வாசிப்பு என்றே நினைத்திருந்தேன். பார்த்தால் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு சடங்கு.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே அக்கா கிழவியாக வருகிறாள். பேத்தி ஏதோ கேட்க, அன்றைக்கு பஸ் ஏறியவள்தான், அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிதிக்கவில்லையா? அப்படியானால் தண்ணீர் குடித்தது யார்? டம்ளரைக் கவிழ்த்து வைத்தது யார்? பாவம், எழுதியவருக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டி வாட்ஸ்அப்பைத் திறந்தேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

செயலாளர் உடனே கூப்பிட்டார். “ஏனுங்க, எழுதுனவருக்கே மறந்து போச்சுங்களா? இதயே ஞாயித்துக்கெழம பேசிருங்க. கொல்லங்கோட்டுல இருந்தெல்லாம் ஆளு வர்றாங்க.”

ஆதாரம் காட்ட வேண்டுமே, பக்க எண்ணோடு. மனைவியிடம் கேட்டேன்.

“படிச்சுக்கிட்டுத்தான வாரேன். வந்தா சொல்றேன்.”

அந்த வாரம் முழுக்க நான் கவனித்தது கரண்ட் பில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அது ஓரிடத்தில் இருக்கும், திரும்பி வந்தால் வேறிடத்தில் இருக்கும். சொத்துத் தகராறு வந்துவிட்டது என்றாள். அக்கா பெட்டி கட்டிவிட்டாள் என்றாள். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். மறுநாள் பில் புத்தகத்தின் நடுவைத் தாண்டியிருந்தது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அதற்கு மறுநாள் புத்தகம் மேசைமேல் கிடந்தது, பில் ஃப்ரிட்ஜின் மேல் பழைய இடத்துக்குப் போயிருந்தது. முடித்துவிட்டாள்.

“எங்க?” என்றேன்.

“எது எங்க?”

“அக்கா எறங்கி வர்றது.”

“அக்கா எறங்கல. பஸ்ஸு புளியமரத்து வளைவுல திரும்புச்சு. போயிருச்சு.”

“அதுக்கப்பறம்?”

“அதுக்கப்பறம் தாலுக்காபீசுல இருந்து வந்து கெணத்த அளக்குறாக.”

நான் சிரித்தேன். நியாயமான சந்தேகம் ஒன்று எனக்குத் தோன்றியது. புத்தகமாகப் போடும்போது வெட்டிவிட்டார்கள்! பதிப்பகங்கள் செய்யாத வேலையா? நாவலின் மூச்சையே பிடுங்கிவிட்டு அட்டைக்கு மட்டும் பளபளப்பு.

“வெட்டல” என்றாள் அவள். “நான் அப்ப பத்திரிகையிலயே படிச்சேனே. அப்பவும் கெணறுதான் அளந்தாக.”

“அப்பறம் ஏம்புள்ள, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நல்ல அக்கான்னே?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. “வாரேன்” என்று போனவள் அந்தப் பேச்சுக்குத் திரும்பி வரவில்லை. எனக்கும் துருவிக் கேட்கத் தைரியம் இல்லை. வேறு சில கேள்விகளுக்கு விடை தெரியாமல் குடும்பம் நடத்துவது போல் இதற்கும் நடத்தலாம் என்று விட்டுவிட்டேன்.

அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து முதல் பாகத்தை எடுத்தேன். மறுவாசிப்பு இல்லை, சோதனை மட்டும்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். புளியமரத்து வளைவு ஞாபகம் இருந்தது, வரிக்கு வரி. அடுத்த அத்தியாயத்தில் நில அளவைக்காரர் சங்கிலியை எடுக்கிறார், கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஊரே கூடி நின்று கத்துகிறது. ஒரு வரிகூட நான் முன்னே பார்த்ததில்லை. அதற்கடுத்த அத்தியாயத்தில் தம்பி தனியாகக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறான். அது மறுபடி மனப்பாடமாக இருந்தது. முன்னும் பின்னும் பழகிய வீடு, நடுவில் மட்டும் யாரோ கட்டிய அறை.

புத்தகத்தை மூடிவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் ஹர்த்தால் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் காலத்தில் பத்திரிகைக் கட்டு கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும். பஸ் செக்போஸ்டைத் தாண்டினால்தான் எங்களுக்குக் கதை. கடையடைப்பு, மறியல் என்று கேரளத்தில் ஹர்த்தால் நடந்தால் பஸ் அந்தப் பக்கமே நின்றுவிடும். மறுநாள் பஸ் வரும், பழைய கட்டு வராது. அது எல்லைக்கு அப்பாலேயே யார் கைக்காவது போயிருக்கும். ஒரு நடை நடந்து அங்கே போய் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். போகலாம்தான். ஆனால் அந்த ஹர்த்தாலில் ரோட்டின் குறுக்கே உட்கார்ந்திருந்த மாணவர் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவன் நான். எதற்காக என்று சத்தியமாக இப்போது நினைவில்லை. அன்று விதிவிலக்காக ஒரு பஸ் துணிந்து செக்போஸ்ட் வரை வந்தது. ஜன்னலோரம் கட்டுக்கட்டாகப் பத்திரிகை தெரிந்தது. என் நாவலின் அத்தியாயம் ஒன்றை நானே முஷ்டியை உயர்த்தி, கோஷம் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

ஆக, கிணறு அளந்த வாரம் எனக்கு வரவில்லை. அது புரிந்தது. புரியாதது வேறு. அந்த இடத்தில் கிணறு இல்லாவிட்டால் வெற்றிடம்தானே இருக்க வேண்டும்? பெட்டியும் வெயிலும் டம்ளரும் எங்கிருந்து வந்தன? நான் எழுதினேனா? இத்தனை வருஷமாகக் கட்டுரை எழுதுகிறேன், அந்த டம்ளரைப் போல் ஒரு வரி எழுத வரவில்லை. அப்படியானால் என் மண்டையில் இருக்கிற மற்ற நாவல்களில் எத்தனை பக்கம் இப்படி? அலமாரியில் வரிசையாக நிற்கிற புத்தகங்களை அன்று கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு ஹர்த்தால் இருக்கக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை வாயனசாலையில் நாற்காலி போதாமல் பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். கொல்லங்கோட்டிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில். மனைவி பெண்கள் பக்கத்தில், மடியில் முதல் பாகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு தலைவலியைக் காரணம் காட்டி வராமல் இருந்திருக்கலாம். காலையிலிருந்து அதற்காக நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் வலி வரவில்லை.

எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஆசிரியருக்கு ஒன்றும் மறக்கவில்லை, எனக்குத்தான் வராத அத்தியாயம் ஞாபகம் இருக்கிறது என்று. ஹர்த்தாலைச் சொன்னேன், பஸ்ஸைத் திருப்பியதைச் சொன்னேன், அக்கா நடந்து வந்த காட்சியையும் முழுதாகச் சொன்னேன். இல்லாத காட்சியாக இருந்தாலும் டம்ளர் வந்ததும் வழக்கம்போல் கையால் கவிழ்த்துக் காட்டினேன். சிரித்தார்கள். மலையாள வாத்தியார் எழுந்து, “சாரே, ஆ மெசேஜ் ஒந்நு டிலீட் செய்யாமோ?” என்று, வாட்ஸ்அப்பில் நான் போட்டதை அழிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. தக்காளிக்கு விலை சொல்வதற்கு முன் யோசிப்பது போல் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க” என்றார். “அந்தக்காவ நானும் பாத்தனுங்களே.”

“நீங்க எந்தப் பத்திரிகைல பாத்தீங்க?”

“பத்திரிகை எங்கீங்க. நம்ம ரோட்டுலதானுங்க. நாம திருப்பி உட்டமே அந்த பஸ்ஸு, அதுல இருந்து எறங்குச்சு. பொட்டியத் தலைமேல வெச்சுட்டு, என்ன வெயிலு அன்னிக்கு! நம்மகிட்ட வந்து குடிக்கத் தண்ணி இருக்குதா தம்பின்னு கேட்டுதுங்க. நாம எங்க வெச்சிருந்தோம், கொடிதான் வெச்சிருந்தோம். ரோட்டோரம் நாலஞ்சு ஊடு இருந்துச்சே, அந்த வளவுல மொத ஊட்டு வாசல்ல ஒரு பையன் கயித்துக் கட்டல்ல தூங்கிட்டு இருந்தானுங்க. அந்தக்கா அவன எழுப்பல. கொடத்துல மொண்டு குடிச்சுட்டு, டம்ளரக் கவுத்து வெச்சுட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. நீங்க கோசம் போடறத உட்டுட்டு வாயப் பொளந்து பாத்துட்டு நின்னீங்க. நான்தான் முழங்கையில இடிச்சேன்.”

எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த வெயில் ஞாபகம் வந்தது, கொடிக்கம்பின் சொரசொரப்பு ஞாபகம் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணை ரோட்டில் வைத்துப் பார்க்கவே முடியவில்லை. எத்தனை முயன்றாலும் அவள் அச்சில்தான், இரண்டு பத்தியாக, நடுவில் ஓவியர் வரைந்த படத்தோடு வந்தாள்.

கூட்டம் முடிந்து தேநீரும் நேந்திரங்காய் வறுவலும் வந்தன. கொல்லங்கோட்டுக்காரர்களில் ஒருவர் என் கையைப் பிடித்து, நாவலில் இருப்பதைவிட இதுவே நன்றாக இருக்கிறது என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். பழக்கதோஷம்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்புகிறபோது மனைவி பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் என் தோளையும் ஒரு கையால் புத்தகத்தையும் பிடித்திருந்தாள். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, வெயில் இறங்கிவிட்டிருந்தது. நல்ல மனநிலையில் இருந்தேன். ஒரு காட்சி, எழுதினவரும் இல்லாமல் அச்சும் இல்லாமல் ஒரு ரோட்டிலிருந்து கிளம்பி, மலையேறிப் போய் எனக்கு ஒரு கல்யாணத்தையே முடித்து வைத்திருக்கிறது. குக்கர் விசிலில் விட்ட கேள்வியை இப்போது கேட்கலாம் என்று பட்டது.

“கதைல இல்லைன்னு உனக்கு அப்பவே தெரியும். அப்படியும் நல்ல அக்கான்னு சொன்னியே, என்ன நெனச்சுச் சொன்னே?”

காற்றில் கேட்பதற்காக அவள் என் காதருகே குனிந்தாள்.

“கதையில இல்லாததாலதான சொன்னேன்! நீங்க எங்க நாவல்னு சொன்னீக? அக்கா எறங்கி நடந்து வந்துச்சு, தம்பிய எழுப்பலன்னீக. உங்க கூடப்பொறந்த அக்காவத்தான் சொல்றீகன்னு நெனச்சேன். தூங்குற ஆளக்கூட எழுப்பாத நாத்தனான்னா ஒரு தொந்தரவும் இருக்காதுன்னு நம்பித்தான் சரின்னேன். வந்து பாத்தா, உங்களுக்கு அக்காவே இல்ல.”